விடிய இனிக்கும், பொழுதுபடப் புளிக்கும்

வன்னியின் பனையடியிலிருந்து வடமராட்சியின் வடிசாலை வரை ஒரு நாள் பாதை

பனங்கள்ளுக்கு ஆயுள் ஒரு பகல். விடியற்புறம் மரத்திலிருந்து இறங்கும்போது அது இனிக்கும். வெயில் ஏற ஏற முட்டிக்குள் நுரை தள்ளும். மத்தியானத்தில் வீரியம் கூடி, பொழுதுபடப் புளிக்கத் தொடங்கிவிடும். அதற்கும் மேலே வைத்திருந்தால் வினாகிரிக்குத்தான் உதவும். உலகத்தில் பேர்பெற்ற குடிவகைகளில் பெரும்பாலானவை காலத்தோடு சமாதானம் செய்துகொண்டவை. திராட்சை மது நிலவறையில் பல வருடம் பொறுத்திருக்கும், கப்பலேறிக் கடல் கடக்கும். கள்ளுக்கு அந்தப் பொறுமை இல்லை. அதைக் குடிக்க விரும்புகிறவர்தான் அது இறங்கும் மரத்தடிக்கு வரவேண்டும்.

இதனால்தான் வடக்கில் மதுவைப் பற்றி ஒரு சுற்றுலா அமைவதானால் அது ஒரு நாள் பயணமாகவே அமையும் என்று சொல்கிறேன். அந்த நாளின் நேர அட்டவணையை எந்த நிறுவனமும் போட வேண்டியதில்லை, கள்ளே போட்டு வைத்திருக்கிறது.

மற்ற நாடுகள் இதை எப்போதோ விளங்கிக்கொண்டன. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் 1990களின் கடைசியில் திராட்சைத் தோட்டம் போட்ட சூலா நிறுவனம், 2005இல் சுவைக்கூடம் ஒன்றைத் திறந்து வைன் பார்க்க வரும் கூட்டத்தையே ஒரு தொழிலாக்கியது. கோவாவின் முந்திரிப் பழச் சாராயமான ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. மெக்சிகோவின் டெக்கீலா ஊரையும் அதைச் சுற்றியுள்ள நீலக் கத்தாழை வயல்களையும் 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அங்கே போகிறவரை முதலில் வயலுக்குத்தான் கூட்டிப்போவார்கள். கத்தாழையின் இலைகளை நீள்கைக் கத்தியால் அரிந்து நடுக்கிழங்கை எடுக்கும் தொழிலாளி அங்கே முன்னால் நிற்பார். அவருக்குத் தனிப் பெயர் உண்டு, அவருடைய தொழிலுக்கு மதிப்பு உண்டு. போத்தலும் கிளாசும் அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கை நான் முக்கியமாக நினைக்கிறேன். வன்னியிலும் வடக்கிலும் இதற்கு நேர் எதிராகவே எல்லாம் நடந்து வந்திருக்கிறது. கள்ளைத் தேடாத ஊர் இல்லை, கள்ளு இறக்குகிறவரை வீட்டு வாசலுக்குள் விட்ட ஊர்கள்தான் குறைவு.

ஏ9 வீதியில் ஆடி, ஆவணி மாதங்களில் ஓடும் வான்களைப் பாருங்கள். கட்டுநாயக்காவில் இறங்கிய கனடா, லண்டன், சுவிஸ் உறவுகள் வவுனியா தாண்டியதும் கண் விழிப்பார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு விரைவார்கள். அவர்களுக்கு வன்னி ஒரு வழி மட்டுமே. அதே வான்களில் இருக்கும் அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் யாழ்ப்பாணம் போன அடுத்த நாளே நல்ல உடன்கள்ளு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். தாங்கள் கடந்து வந்த பச்சிலைப்பள்ளியில் அது அன்று காலையே இறங்கி முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

காலை: மரத்தடி

பாதையை மரத்தடியில் தொடங்குவோம். வன்னி என்றதும் குளமும் வயலும் காடும் நினைவுக்கு வரும். வவுனியாப் பக்கம் அது சரி. அந்தக் காட்டோரங்களில் இலுப்பை நிற்கும். இலுப்பைக்குளம் என்று ஊருக்கே பேர் இருக்கும். நடு இந்தியாவின் பழங்குடிகள் இலுப்பைப் பூவைக் காயவைத்து மது வடிக்கிறார்கள், இங்கே எங்கள் ஆட்கள் இலுப்பைக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்துக் கோயில் விளக்குக்கு ஊற்றினார்கள். வடக்கே கிளிநொச்சி தாண்ட நிலம் மாறும். மணல் வெளிக்கும், காற்றில் உப்பு ஏறும். பூநகரி, பச்சிலைப்பள்ளி, கண்டாவளை, முல்லைத்தீவுக் கரையோரம் எல்லாம் பனை நிலம். பளை தென்னைக்கும் பேர்போன இடம்.

பனையில் ஆண், பெண் இரண்டிலும் கள்ளு இறக்கலாம். தை, மாசியில் ஆண்பனை பாளை விடத் தொடங்கும், பெண்பனை அதற்குப் பின்னே வரும். இரண்டையும் சேர்த்தால் ஆவணி வரை தொழில் ஓடும். மழைக்காலத்தில் பனை ஓய்வெடுக்கும். அப்போது கைகொடுப்பது வருடம் முழுக்கப் பாளை விடும் தென்னை.

சீவல் தொழில் என்று நாங்கள் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போவது உண்மையில் மிக நுட்பமான வைத்தியம் போன்றது. பாளையைக் கண்டவுடன் வெட்டினால் ஒரு சொட்டும் வராது. முதலில் பாளைகளைச் சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு பல நாளுக்குப் பதமாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை அழுகும், பட்டும் படாமலும் தட்டினால் சாறு இறங்காது. பாளையின் உடம்புக்குள் காயம் பட்டது என்ற உணர்வை உண்டாக்கி, இலைகள் சமைத்த சீனிச்சாற்றை அந்த முனைக்கு வரவழைப்பதே இந்த வேலையின் சூட்சுமம். சாறு வரத் தொடங்கியதும் பாளைக்கத்தியால் ஒவ்வொரு நாளும் முனையில் ஒரு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். கடதாசி மொத்தத்துக்குச் சீவ வேண்டும். ஒரு நாள் மொத்தமாகச் சீவினால் பாளை சீக்கிரம் முடிந்துபோகும். ஒரு நாள் சீவாமல் விட்டால் காயம் ஆறி ஊற்று அடைபட்டுப்போகும். அதனால் காய்ச்சலென்றும் கலியாணமென்றும் சீவல் தொழிலாளிக்கு லீவு கிடையாது. காலையும் மாலையும் அறுபது எழுபது அடி உயர மரங்கள் பலவற்றில், காலில் தளைநாரோடும் இடுப்பில் கத்திக்கூட்டோடும், ஏறி இறங்க வேண்டும்.

தெற்கே களுத்துறை, வாதுவைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, ஒருமுறை ஏறியவர் வானத்தில் நடந்தே பல மரங்களைச் சீவிவிடுவார். அதைப் படமெடுக்காத சுற்றுலாப்பயணி இல்லை. எங்கள் பனைக்கு அந்த வசதியும் இல்லை. மரத்துக்கு மரம் இறங்கி, மரத்துக்கு மரம் ஏற வேண்டும். விழுந்து இடுப்பொடிந்தவர்களும் உயிர் விட்டவர்களும் இல்லாத சீவல் குடியிருப்பு வடக்கில் இராது.

காலை ஆறு மணிக்கு அங்கே நிற்பவருக்கு இரண்டு முட்டிகள் கிடைக்கும். ஒன்றின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கும், மற்றதில் சுண்ணாம்பு இல்லை. மரம் ஒன்றுதான், சாறும் ஒன்றுதான். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சீனி உள்ள அந்தச் சாற்றில் காற்றிலும் பாளையிலும் முட்டியின் துவாரங்களிலும் இருக்கும் மதுவங்கள் விழுந்ததும் நொதித்தல் தொடங்கும். சுண்ணாம்பு இருந்தால் அந்த நுண்ணுயிர்கள் வளராது, சாறு கருப்பணியாகவே நிற்கும். குழந்தைகள் குடிக்கலாம். காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளு. வெளியிலிருந்து ஈஸ்ட் போடுவதில்லை, சீனி போடுவதில்லை, யாரும் கலக்குவதும் இல்லை. சில மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கு நாலைந்து பங்கு மதுசாரம் ஏறிவிடும்.

சுற்றுலாவின் முதல் சுவை கருப்பணியாக இருக்கட்டும் என்பேன். குடிக்காத பெண்களும் பிள்ளைகளும் அந்த வானில்தான் வருகிறார்கள். கருப்பணியும் பனங்கட்டிக் குட்டானும் ஒடியல் கூழும் ஒரு பக்கம், கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவில் சுட்ட அப்பம் இன்னொரு பக்கம் என்று ஒரு மரத்தடிக் காலைச் சாப்பாட்டை வைத்தால், இலங்கையின் எந்த ஹோட்டலாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

பகல்: தவறணை

பத்துப் பதினொரு மணிக்குக் கள்ளு தவறணைக்கு வந்துவிடும். கோப்பிறேசன் என்று ஊரார் சொல்வது பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளுத் தவறணையைத்தான். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தபின், அனுமதி இல்லாமல் தன் வளவுப் பனையில்கூட ஒருவர் கள்ளு இறக்க முடியாமல் போனது. தவறணைகளை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் முதலாளிகளானார்கள், மரம் ஏறியவர் கூலியானார். தெற்கே இதே சாராயக் குத்தகைகள்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் செல்வக் குடும்பங்களை உருவாக்கின. தென்னிலங்கை முதலாளித்துவத்தின் பிறப்பை ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தன அதைத் தம் நூலில் விரிவாகவே காட்டியிருக்கிறார். அந்தப் பணம் தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் பிள்ளைகளின் இங்கிலாந்துப் படிப்பாகவும் மாறியது. வடக்கில் கள்ளுப் பணம் மரமேறியவரின் குடிசைக் கூரையைக்கூட மாற்றவில்லை.

மாற்றியது கூட்டுறவு. 1970களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளரையே உறுப்பினராகக் கொண்ட சங்கங்கள் உருவாகின. இறக்கிய கள்ளைச் சங்கத்தில் அளந்து கொடுத்து, அதற்கான விலையைப் பெற்று, அதில் ஒரு பகுதியைச் சேமிப்பில் போடும் முறை வந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. தொழிற்சங்கவாதியான கே. சி. நித்தியானந்தா அதன் முதல் தலைவரானார். பனையைச் சாதியின் அடையாளமாகப் பார்க்காமல் ஒரு கைத்தொழிலாகப் பார்க்கப் படித்த சமூகத்தைப் பழக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சாதியைப் பேசாமல் இந்தத் தவறணையைக் கடந்துபோக என்னால் முடியாது. யாழ்ப்பாணத்திலும் அதன் தொடர்ச்சியாக வன்னியிலும் சீவல் தொழில் குறிப்பிட்ட சாதியாரின் தலையில் எழுதப்பட்டிருந்தது. அவர்கள் இறக்கிய கள்ளை எல்லாச் சாதியாரும் குடித்தார்கள். அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. குருத்தோலையில் கோலிய பிளாவில் கள்ளு வார்த்துக் குடிப்பதை இன்று அழகான மரபாக எல்லோரும் சொல்கிறோம். குடித்ததும் எறிந்துவிடக்கூடிய பாத்திரம் அது என்பதும், பாத்திரத்தைப் பகிர விரும்பாத ஒரு சமூகத்துக்கு அது வசதியாக இருந்தது என்பதும் அந்த அழகோடு சேர்ந்த உண்மைகள். கோயில் கதவும் தேநீர்க் கடை வாசலும் இவர்களுக்குத் திறக்க 1966இன் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும் 1968இன் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டமும் தேவைப்பட்டன. கே. டானியல் 1972இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’ நாவலைப் படித்தவர்கள் பனைமரத்தைப் பழைய கண்ணால் பார்க்கமாட்டார்கள். அண்ணமாருக்கும் வைரவருக்கும் முனிக்கும் மடை வைக்கும்போது கள்ளும் வைத்த வழக்கம் இந்தக் குடியிருப்புகளில் இருந்தது. அந்தத் தெய்வங்களின் கோயில்களில் பல இன்று ஆகமக் கோயில்களாகிவிட்டன. முட்டிக்கும் அங்கே இடமில்லாமல் போய்விட்டது.

ஒரு சுற்றுலா வழிகாட்டி இதையெல்லாம் சொல்வாரா? சொல்லவேண்டும். சொல்லும் உரிமை முதலில் அந்தத் தொழிலாளருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உரியது. அவர்களில் ஒருவரே வழிகாட்டியாக இருந்து, தன் அப்பு ஏறிய மரத்தைக் காட்டிப் பேசுவதற்கு ஈடாக எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதிவிட முடியாது.

தவறணைச் சாப்பாட்டையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கணவாய்ப் பிரட்டல், பொரித்த மீன், அவித்த மரவள்ளிக்கிழங்கும் இடிச்ச சம்பலும், காரம் தூக்கலான இறைச்சிக்கறி எல்லாம் அங்கே கிடைக்கும். கள்ளின் இனிப்புக்கும் மெல்லிய புளிப்புக்கும் இந்த உறைப்பு ஏன் பொருந்துகிறது என்பதை ஒரு வாய் சாப்பிட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான தவறணைகளில் இருக்க நல்ல வாங்கு இல்லை, கை கழுவ நல்ல தண்ணி இல்லை, பெண்கள் நுழையும் சூழலும் இல்லை. இவை பெரும் முதலீடு கேட்கும் குறைகள் அல்ல.

முகமாலை தாண்டி

பளையிலிருந்து வடக்கே ஏ9இல் போகும் வண்டி முகமாலையைக் கடக்கும். பல வருடம் போர்முனையாக இருந்த அந்த நிலம், உலகத்திலேயே கண்ணிவெடி அடர்ந்து கிடந்த இடங்களில் ஒன்று. தலையிழந்த பனைகள் வரிசையாக நின்ற காட்சியை 2009க்குப் பின் அந்தப் பக்கம் போன எல்லோரும் கண்டிருப்பார்கள்.

பனைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான். செல் விழுந்து குருத்து போனால் மா, வேம்பு மாதிரிப் பக்கக் கிளை விட்டுத் தப்ப அதனால் முடியாது. மரம் நிற்கும், ஆனால் செத்துவிட்டது. செல்லுக்குத் தப்பிய பனைகளைப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக இரு தரப்பும் தறித்தன. முல்லைத்தீவுக் கரையில், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும், சனத்தோடு சேர்ந்து பனைகளும் எரிந்தன.

ஒரு பனை விதை முளைத்துப் பாளை விட ஏறத்தாழப் பதினைந்து இருபது வருடம் ஆகும். அது ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியவரும். போர் முடிந்த வருடம் ஊன்றிய விதை இப்போதுதான் கள்ளுப் பருவத்தை எட்டிக்கொண்டிருக்கிறது. வன்னியின் கள்ளு வளத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும். மரம் வரும்போது ஏறுவதற்கு ஆள் இருக்கவேண்டும். இளையவர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவதற்குப் பயம் ஒரு காரணம், பரம்பரையாகப் பட்ட அவமானம் அதைவிடப் பெரிய காரணம். படித்த பிள்ளை மரமேறக் கூடாது என்று தகப்பனே நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2025 செப்டெம்பரில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் புதுக்குடியிருப்பில் தொடக்கி வைக்கப்பட்டது. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மூன்றையும் இணைத்துத் தென்னை நடுவது அதன் நோக்கம். தேங்காய்க்காகப் போட்ட திட்டம்தான். ஆனாலும் சீவத் தெரிந்த கைகள் இருந்தால் வன்னியின் தென்னங்கள்ளுக்கும் அது வழிவிடும்.

பின்னேரம்: வடிசாலை

கொடிகாமத்தில் ஏ9ஐ விட்டு வலப்பக்கம் திரும்பினால் வரணி வழியாக வடமராட்சி. பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில், கடலோரமாக உள்ளது திக்கம். வன்னியில் பெரிய வடிசாலை இல்லாதபடியால் நம் ஒரு நாள் பாதை எல்லை தாண்டி இங்கே வந்தாக வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் கள்ளை வாங்கிப் பனஞ்சாராயமாக வடித்த இடம் திக்கம் வடிசாலை. பருவம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கும் கள்ளைத் தவறணைகளால் விற்றுத் தீர்க்க முடியாது. பொழுதுபட்டால் அது வீண். அந்த மிச்சத்தைக் காப்பாற்றத்தான் வடிசாலை. தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பை வருடக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய பொருளாக மாற்றும் ஒரே வழி இது.

செய்முறை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கவனம் வேண்டும். புளித்த கள்ளைச் சூடாக்கினால், 78 பாகையில் கொதிக்கும் மதுசாரம் தண்ணீருக்கு முந்தி ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கவேண்டும். முதலில் வரும் பங்கில் தீங்கான இலேசான பொருள்கள் சேர்ந்திருக்கும், கடைசியில் வருவதில் வாடை அடிக்கும் கனமான பொருள்கள் சேரும். தலையையும் வாலையும் தள்ளி நடுப்பங்கைப் பிரித்தெடுப்பதில்தான் வடிப்பவரின் கெட்டித்தனம் இருக்கிறது. கள்ளின் வீரியத்தைக் கொண்டு கணக்குப் போட்டால், ஒரு போத்தல் சாராயத்துக்கு ஏறத்தாழ ஏழெட்டுப் போத்தல் கள்ளு போய்விடும். அத்தனை தடவை ஏறி இறங்கிய கால்கள் அந்த ஒரு போத்தலுக்குள் இருக்கின்றன.

தெற்கின் சாராயம் இங்கிருந்து இன்னொரு படி போனது. வடித்ததைச் சாவண்டலை மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் ஊறவைத்தார்கள். திருகோணமலை மரம் என்று ஆங்கிலேயர் அழைத்த மரம் அது, எங்கள் காடுகளில் வளர்வது. சென்னைத் துறைமுகத்து மசூலாப் படகுகளுக்குப் போனதும் இதே மரம் என்பார்கள். 1924இல் உரிமம் பெற்ற ரொக்லண்ட் நிறுவனமும், அரசிடமிருந்து 1992இல் தனியார் கைக்குப் போன டிஸ்டிலரீஸ் கம்பனியும் தென்னஞ்சாராயத்தை இலங்கையின் முகவரியாக்கின. லண்டன் மதுக்கூடங்களில் இன்று சிலோன் அரக் கேட்டால் கிடைக்கும். பனஞ்சாராயத்துக்கு அந்த இடம் வரவில்லை. மணமும் குணமும் குறைவு என்பதால் வராமல் போகவில்லை. தொடர்ந்து கள்ளு கிடைப்பதற்கும், வருடக்கணக்கில் பீப்பாயில் பணத்தை முடக்கி வைப்பதற்கும் அமைதி வேண்டும். முப்பது வருடப் போர் அதைத் தரவில்லை. போருக்குப் பின்னும் திக்கம் வடிசாலையைச் சங்கங்கள் நடத்துவதா, தனியாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பதா என்ற வாதத்தில் காலம் போனது. என் நிலைப்பாட்டை ஒளிக்கவில்லை: கள்ளு இறக்குகிறவர்கள் பங்காளிகளாக இல்லாத வடிசாலை, பழைய குத்தகை முறையின் புதிய வடிவமாகவே போய்விடும்.

பார்க்கப் போகிறவர்கள் முன்னரே அனுமதி கேட்டுப் போகவேண்டும். வடிசாலை என்பது மதுவரித் திணைக்களத்தின் கண் முன்னால் இயங்கும் இடம். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் வலிகாமத்தின் பக்கமும் ஒரு எட்டுப் போகலாம். தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத்தாசர் சபை, யாழ்ப்பாண முந்திரிகையைப் பிழிந்து பூசைக்கான இரசம் செய்து வந்தது. அவர்களுடைய நெல்லிரசம் வீடுகளில் விருந்தாளிக்குக் கரைத்துக் கொடுக்கும் பானமானது. 1990இல் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஆச்சிரமமும் தோட்டமும் அந்தத் துயரத்துக்குத் தப்பவில்லை. அப்படியிருந்தும் வடக்கில் வைன் என்று ஒன்று உண்டென்றால், அது துறவிகளின் கையால் வந்தது.

சட்டமும் கசிப்பும்

இந்தப் பாதையில் பள்ளங்கள் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் மதுவுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் முடியாது. பூரணைப் போயா நாளில் கடைகள் பூட்டு. பெண்கள் மது வாங்குவதற்கு இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெறச் சொன்னார். தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை, மதுக்கடைகளை அரசே நடத்துகிறது. அந்தத் தடையை நீக்கச் சொல்லி அங்குள்ள பனைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். நமக்கு அந்தத் தடை இல்லை என்பது சின்ன விசயம் அல்ல.

விளம்பரத் தடையை நான் எதிர்க்கவில்லை. வன்னியின் நிலையை அறிந்த யாரும் எதிர்க்கமாட்டார்கள். போருக்குப் பின் மீள்குடியேறிய கிராமங்களில் கசிப்பு புகுந்தது. சீனியையும் ஈஸ்ட்டையும் ஊறவைத்துக் காட்டோரத்திலும் குளக்கரையிலும் வடிக்கும் கசிப்புக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, எல்லாம் ஒரே போத்தலில் இறங்கும். குடித்தவரின் ஈரல் போகிறது, கண் போகிறது, வீட்டில் அடி விழுகிறது. கணவனைப் போரில் இழந்த பெண்கள் தனியே நடத்தும் வீடுகளுக்குப் பக்கத்தில் இது நடக்கிறது. கிளிநொச்சியில் புதிய மதுச்சாலைகளுக்கு உரிமம் கொடுத்தபோது சனம் தெருவுக்கு வந்து எதிர்த்தது அந்தப் பயத்தால்தான். அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்று, கள்ளுச் சுற்றுலா என்று சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

சொல்லலாம் என்றுதான் எனக்குப் படுகிறது, சில நிபந்தனைகளோடு. கள்ளும் மதுதான், அளவு மீறினால் கேடுதான். ஆனால் நாலைந்து சதவீத மதுசாரம் உள்ள உடன்கள்ளையும் கசிப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கள்ளின் பணம் ஊருக்குள்ளேயே, ஏறியவர் கைக்கே போகிறது. மதுச்சாலையின் பணம் ஊரை விட்டே போய்விடும். சுற்றுலா ஊர்க்குடியைக் கூட்டுவதற்கு வழி செய்யக்கூடாது. அது வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒரு தொழிலைக் காட்டும் பயணமாக இருக்கவேண்டும். ஒரு பிளா கள்ளின் விலையைவிட, அந்தக் கள்ளை இறக்குவதை ஒரு காலை முழுக்கப் பார்த்ததற்கான கட்டணம் பெரிதாக இருக்கலாம். அந்தக் கட்டணம் சங்கத்தின் விபத்து நிதிக்கும் ஏறியவரின் சேமிப்புக் கணக்குக்கும் போகவேண்டும். ஒரு சீவல் தொழிலாளி ஐம்பது வயதில் மரத்தை விட்டு இறங்கும்போது அவருக்குத் தெரிந்த கலையைச் சொல்லிக்கொடுக்கவும் விளக்கவும் ஒரு கூலி இருந்தால், அவருடைய முதுமை வேறு மாதிரி இருக்கும்.

செய்வதற்குச் சங்கங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலும் பனை தென்னை வளக் கூட்டுறவு இயங்குகிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நொதித்தலைப் பற்றியும் கருப்பணியைப் பற்றியும் விளங்கச் சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு. தேவைப்படுவது ஒரு வான், சுத்தமான தண்ணி, பெண்களும் இருக்கக்கூடிய ஒரு கொட்டில், ஏணி வைத்துக் கட்டிய பாதுகாப்பான ஒரு மரம், ஓட்டத் தெரிந்த குடிக்காத சாரதி ஒருவர். முதல் பயணத்தை மாசியில் வைக்கலாம், ஆண்பனைகள் அப்போது பாளையோடு நிற்கும். போயா நாளைத் தவிர்த்துத் திகதி குறித்தால் காலை ஆறு மணிக்குப் பளையில் தொடங்கி, இருட்டுவதற்குள் திக்கம் பார்த்துக் கிளிநொச்சிக்குத் திரும்பிவிடலாம்.